தலையாட்டிய இஞ்சின்

எனக்குப் பேச்சு குறைவு. யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த வேலையையும் ஓர் இஞ்சினிடம் கொடுத்தவன் நான்.

அப்போது மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் புல்வெட்டும் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வேலை. கழித்துப்போட்ட சாமான்களை வைத்துச் சொந்தமாக ஓர் இஞ்சின் செய்துகொண்டிருந்தேன். பிஸ்டன் கிடையாது. வட்டமான இரும்புக் கூடு, உள்ளே ஒரு தகடு. ஒரு பக்கம் பெட்ரோல் வெடித்தால் தகடு மறுபக்கம் சாயும். அங்கே வெடித்தால் திரும்பி வரும். உள்ளே ஆடினால் வெளியே தானாகச் சுற்றிவிடும் என்று மூன்று வருடம் நம்பினேன். யாரிடமும் காட்டவில்லை. (காட்டினால் பேச வேண்டுமே!)

அக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. கம்போங் குவாந்தானில் பெண் வீட்டாரிடம், "தம்பி பேசமாட்டான், ஆனா இஞ்சினு செய்வான்" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர்.

"அப்ப கொண்டு வரச் சொல்லுங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அன்று காலையில்தான் ஒரு காற்றாடியை மாட்டினேன். அக்காவோடு போய், அவர்கள் வாசலில் இஞ்சினை வைத்துக் கயிற்றை இழுத்தேன். ஒரே புகை. காற்றாடி இடப்பக்கம் கால் சுற்று போனது. வலப்பக்கம் திரும்பி வந்தது. மறுபடியும் இடம்.

"சுத்தலையே தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். இஞ்சினும் ஆட்டியது.

"அப்பா, இஞ்சினே வேணாம்னு சொல்லுது லா!" உள்ளேயிருந்து ஒரு பெண் சிரித்தாள். அதுதான் தேவி, பார்க்கப் போன பெண்.

நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் அவள் வெளியே வந்து குனிந்து பார்த்தாள். "என் தையல் மெஷின் மிதியும் இப்படித்தானப்பா ஆடுது. அதுல சக்கரம் சுத்தலையா?"

அவர் உள்ளே போய், மிதியோடு இணைக்கும் கம்பியையும் சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு வந்தார். இருவரும் குனிந்து ஒரு மணி நேரம் மாட்டினோம். அவர் கை நீட்டினார்; நான் ஸ்பானரைக் கொடுத்தேன். மறுபடி கயிற்றை இழுத்தேன். சக்கரம் எட்டுச் சுற்று சுற்றியது. கம்பி வளைந்தது. சக்கரம் பிய்த்துக்கொண்டு ஓடிக் கால்வாயில் விழுந்தது.

"எட்டு சுத்து. போதும்" என்று அக்காவிடம் திரும்பினார். "நாள் பாருங்கம்மா."

இன்றும் வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதாவது கேட்டு, நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றால், மகள் உடனே தேவிக்குக் குரல் கொடுப்பாள்:

"அம்மா, கம்பி கொண்டாங்க! அப்பா ஆடுறாரு, சுத்தலை."