சம்பந்தியம்மா தலைக்குப் போட்ட புகை

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்த லேத் பட்டறை, திருமுல்லைவாயிலில் மாடி வீடு, எல்லாம் என் கையால் வந்தது. அப்படி வந்தவனுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு வியாதி பிடிக்கும். எனக்கு முற்றிப் போயிருந்தது.

மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்பேன். அதே தெம்பில் ஆட்களின் தலைவலிக்கும் நானே வைத்தியன். தலையைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கினாற்போல் இருந்தால் கவலையில் வந்தது. நெற்றியும் கன்னமும் கனத்து, குனிந்தால் வலி கூடினால் நீர்க்கோவை. ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறித்து, வெளிச்சமும் வாசனையும் ஆகாமல் குமட்டினால் ஒற்றைத் தலைவலி. (மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: சாம்பிராணிப் புகை.)

என் மகள் ரேவதியைப் பெண் பார்க்கக் கரையான்சாவடியிலிருந்து வந்திருந்தார்கள். பல இடம் தட்டிப்போய், அவளே மனசார விரும்பிய முதல் வரன். பையனின் அம்மா மட்டும் ஒரு கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். பஜ்ஜியைத் தொடவில்லை.

"இன்னாம்மா, தல வலியா?"

"ஆமாங்க. வெயில்ல வந்தது. எடது பக்கம் மட்டும். கொஞ்சம் இருட்டா, சத்தமில்லாம இருந்தா சரியாயிடும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வது? நான் காதில் வாங்கினால்தானே!

"அது நீர்க்கோவைம்மா. மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்று டியூப்லைட்டைப் போட்டேன். செல்போன் டார்ச்சை அவர் கண்ணில் அடித்தேன். (எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.)

"அவங்க தல அவங்களுக்குத் தெரியாதா? சும்மா குந்துங்க" என்று என் மனைவி பல்லைக் கடித்தாள்.

"பட்டறைல எத்தினி தல பாத்துக்கீறேன், எனக்கே சொல்றியா?"

தூபக்காலில் தணலைப் போட்டு, சாம்பிராணியை அள்ளித் தூவினேன். புகை வீணாகாமலிருக்க, என் துண்டால் அவர் தலைக்குக் கூடாரமும் கட்டினேன்.

"வேணாங்க... வாசன ஆவாதுங்க..." துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூச்ச நல்லா இழுங்கம்மா" என்றேன்.

பூவும் பழமும் வைத்திருந்த தாம்பாளத்திலேயே வாந்தி எடுத்துவிட்டார். மீதி என் வேட்டியில்.

"கெளம்பலாம்டா" என்று பையனின் அப்பா எழுந்தார்.

ரேவதி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளறைக்கு அழைத்துப்போய், விளக்கை அணைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் நனைந்த வேட்டியோடு வாசல்படியில் நின்றேன். உள்ளே போக முகமில்லை.

பொழுது சாய, அந்த அம்மா எழுந்து வந்தார்.

"பொண்ணு சொன்னதக் கேக்குது. எங்களுக்குப் புடிச்சிருக்கு." என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

இன்றைக்கும் சம்பந்தியம்மாவுக்குத் தலைவலி வந்தால், மாப்பிள்ளை முதல் போன் எனக்குத்தான் போடுவார்.

"மாமா, எங்க கீறீங்க?"

"பட்டறைலதான் மாப்ள."

"நல்லதாப் போச்சு. அங்கயே இருங்க."

பின்னால் ரேவதி சிரிப்பது கேட்கும். கூடவே, வலியோடு வலியாக, சம்பந்தியம்மாவும்.