முந்தி எரிகிற விளக்கு

இன்றும் தம்பிராசா வீட்டு விளக்குத்தான் முந்தி எரிந்தது.

சோமசேகரம் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை அழுத்திய விரலை அவர் இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக் கேற்றுத் தூணில் குமிழ் பளிச்சென்று எரிந்துவிட்டது. அவருடைய கேற்று விளக்கு, ஓர் ஆள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருகிற அவகாசத்துக்குப் பிறகே எரிந்தது.

"பாத்தீரே? நான் போடுறதுக்கெண்டே பாத்துக்கொண்டிருந்து போடுறான்."

"நீங்கள் விறாந்தைக்குள்ளை இருந்து அமத்திறதை அவர் எப்பிடியப்பா பாக்கிறது?" செல்வநாயகி முருங்கைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்லை, இந்த வெயிலுக்கை என்னத்துக்கு லைற்?"

வெயில் இன்னும் மதிலைவிட்டு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி, எரியும் இரண்டு விளக்குகளையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

தம்பிராசா அவருடைய சகலன். செல்வநாயகியின் தங்கை குணலட்சுமியைக் கட்டியவர். அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாக வந்த வீடுகள் இணுவிலில் ஒரே ஒழுங்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. மாமனார் செத்தபோது பத்திரிகையில் போட்ட மரண அறிவித்தலில், 'தம்பிராசா, சோமசேகரம் ஆகியோரின் அன்பு மாமனாரும்' என்று வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர் சோமசேகரம். சேவை மூப்பு வரிசையில் ஓர் இடம் பின்னால் போனதற்காக மேலதிகாரிகளுக்கு வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்த மனிதர். மூத்த மருமகனின் பெயர் இரண்டாவதாக வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. "நான் சரியாத்தான் சொன்னனான் அண்ணை, அவங்கள் மாறி அடிச்சுப்போட்டாங்கள்" என்றார் தம்பிராசா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பில் வரிசையைத் திருத்தியும் போட்டார். "செத்தவீட்டுக்கு வந்த சனம் பாத்தது முதலாவதைத்தானே" என்றார் சோமசேகரம். அதற்குப் பிறகு மாமனாரின் திவசம் இரண்டு முறை வந்துபோனது. அவர் தம்பிராசாவுடன் கதைக்கவில்லை.

இந்த விளக்குச் சுவிச்சுகளைக் கனடாவிலிருந்து அனுப்பியவள் தம்பிராசாவின் மகள் ஆரணி. அப்பாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. வயரிங் வேலை செய்யும் நீக்கிலாப்பிள்ளை காலையிலேயே ஒவ்வொரு போனிலும் ஒவ்வொன்றாக அவற்றை ஏற்றிக் கொடுத்துவிட்டார். பின்னேரம் பழைய சுவிச்சுகளைக் கழற்றி, இரண்டு வீட்டிலும் புதியவற்றைப் பூட்டும்போது மின்சாரம் போய்விட்டது.

"கறண்ட் வந்தாப்போலை ஒருக்கா அமத்திப் பாருங்கோ அண்ணை. எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, இரண்டு வீட்டிலும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இரவு மின்சாரம் வந்தது. சோமசேகரம் அழுத்தினார். தம்பிராசாவின் விளக்கு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் விளக்கைப் பார்த்தபடி இருந்தார். நெடுநேரம் கழித்து, அவருடையதும் எரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே கதை. எரிவதிலும் அவன்தான் முந்தி, அணைவதிலும் அவன்தான் முந்தி.

முதலில் அவர் நேரத்தை மாற்றினார். கோயிலில் சாயங்காலப் பூசை மணி கேட்டதும் போட்டவர், மணிக்கு முன்னரே போட்டார். பிறகு மாடு அவிழ்த்துவரும் நேரத்துக்கு. அதுவும் சரிவராமல், இப்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வந்து நின்றது. எந்த நேரத்துக்குப் போட்டாலும் தம்பிராசா தயாராக இருந்தார்.

"அவர் இப்ப பின்னேரத்திலை ஓரிடமும் வெளிக்கிடுறேல்லையாம்" என்றாள் செல்வநாயகி ஒருநாள். "போனைக் கையிலை வைச்சுக்கொண்டு முன்வாசலிலை குந்தியிருக்கிறாராம். தங்கச்சி ஒரே புறுபுறுப்பு. கலியாணவீட்டுக்குப் போனாலும் பாதியிலை எழும்பி வாறாராம்."

"பின்னை? என்னை முந்தவேணுமெல்லே!"

அடுத்ததாகப் புதுப் போன் ஒன்று வாங்கினார். பழையது மெதுவாக வேலை செய்கிறது என்பது அவர் முடிவு. புதுப் போன் உண்மையிலேயே வேகமாகத்தான் இருந்தது. அது வந்தபின் தம்பிராசாவின் விளக்கு இன்னும் விரைவாக எரிந்தது.

நீக்கிலாப்பிள்ளையை அழைத்தார்.

"அமத்தினா ஏன் உடனை எரியிதில்லை?"

நீக்கிலாப்பிள்ளை பிடரியைச் சொறிந்தார். "சிக்னல் மேலை போய் வரவேணுமெல்லே அண்ணை."

"அவன்ரை சிக்னல் மேலை போறேல்லையே?"

"அது... அவரின்ரை கொஞ்சம் கிட்டவாப் போய் வருது போலை." அவர் மதிலைப் பார்த்தார், பிறகு தன் கால்விரலைப் பார்த்தார். "நீங்கள் ஓமெண்டால், ரெண்டு வீட்டுச் சுவிச்சையும் ஒருக்காக் கழட்டிப் பாத்து..."

"அங்கை இருக்கிறதைத் தொடக்கூடாது! நான் சொல்லித்தான் வந்ததெண்டு அவன் நினைப்பான். இஞ்சை என்ன செய்யலாமெண்டு மட்டும் பாரும்."

நீக்கிலாப்பிள்ளை இங்கே செய்யக்கூடியதாக ஒரு பெரிய குமிழைப் பூட்டினார். அது எரிந்தால் ஒழுங்கை முழுக்க வெளிச்சம். ஈசல் வந்து விறாந்தையை நிறைத்தது. விளக்கு மட்டும் பிந்தியே எரிந்தது.

இதற்கிடையில் தம்பிராசாவுக்கும் மனைவிக்கும் கனடா விசாவுக்கான அழைப்பு வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனார்கள். அன்று சோமசேகரம் நிம்மதியாகச் சாய்ந்திருந்து, கோயில் மணியை ஆசைதீரக் கேட்டுவிட்டு, ஆறுதலாகப் போனை அழுத்தினார்.

பூட்டிக்கிடந்த பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

"இஞ்சேர்! கொழும்பிலை நிண்டுகொண்டும் போடுறான் பாரும்!"

"அதுக்குத்தானேயப்பா போனிலை வைச்சது" என்றாள் செல்வநாயகி.

அன்றைக்கு அவருடைய விளக்கு எரிவதற்குள் அவர் சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. கொழும்பில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். அதனால் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

விசா வந்தது. பயணநாளும் வந்தது. ஒரேயடியாகப் போகிறார்கள். திரும்பி வருவது பற்றிப் பேச்சில்லை.

காலையிலிருந்து செல்வநாயகி அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்குமாக நடந்தாள். மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை எல்லாம் கட்டி நிறுத்துப் பார்த்தாயிற்று.

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோவன். இனி ஆர் ஆரைக் காணப்போறம்?"

"போறவை வந்து சொல்லிப்போட்டுப் போறதுதான் முறை. நான் மூத்த மருமோன்."

அந்த முறையைத் தம்பிராசா காப்பாற்றினார். பின்னேரம் கேற்றடியில் குரல் கேட்டது.

"அண்ணை! அண்ணை நிக்கிறியளோ?"

சோமசேகரம் சட்டென்று எழுந்து அறைக்குள் போனார். வாய்க்குள் ஒரு சொல் தயாராகத்தான் இருந்தது. இவ்வளவு காலமும் கதைக்காமல் இருந்துவிட்டு, முதல் சொல்லாக எதைச் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை.

"குளிக்கிறனெண்டு சொல்லும்" என்றார் மனைவியிடம்.

செல்வநாயகி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெளியே போனாள். கதவிடுக்கால் எல்லாம் கேட்டது.

"குளிக்கிறார் தம்பி."

"சரி மச்சாள், குளிக்கட்டும். ஒரு சொல்லு மட்டும் சொல்லிவிடுங்கோ. இண்டைக்கு வான் பொழுதுபடத்தான் வரும். சாமான் ஏத்தவேணும். லைற்றை மட்டும் மறக்காமல் நேரத்துக்குப் போடச்சொல்லுங்கோ."

செருப்புச் சத்தம் கொஞ்சநேரம் போகாமல் நின்றது. பிறகு போனது.

சோமசேகரம் அறையைவிட்டு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"கேட்டீரே? எனக்கு நேரம் சொல்லித்தாறான்! போற நேரத்திலையும் நக்கல்! இண்டைக்கு நான் போடமாட்டன். என்ன செய்யிறான் எண்டு பாப்பம்."

போடவில்லை. வெயில் இறங்கியது. கோயில் மணி கேட்டது. ஒழுங்கை கறுத்தது. அதிசயமாக, தம்பிராசாவும் போடவில்லை.

வான் வந்து நின்றது. இருட்டுக்குள் சூட்கேசுகளை ஏற்றினார்கள். போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி யாரோ, "கல்லு, கல்லு, பாத்து!" என்றார்கள். பெட்டி ஒன்று தொப்பென்று விழுந்தது. "ஐயோ, தூள்!" என்றது குணலட்சுமியின் குரல். சோமசேகரம் விறாந்தையில் போனைப் பிடித்தபடி, முதன்முறையாகத் தான் வெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்றதுபோல் இருக்கவில்லை.

அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவது கேட்டது. வான் இயந்திரம் உறுமியது. அவர் விரல் தானாகவே அழுத்திவிட்டது. போகிற மனிதனுக்கு ஒரு வெளிச்சமாவது தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

தம்பிராசாவின் விளக்கு எரிந்தது. வானும், வானுக்குள் இருந்த முகங்களும் துலக்கமாகத் தெரிந்தன. தம்பிராசா யன்னலால் தலையை நீட்டி, எரியும் விளக்கைப் பார்த்தார். பிறகு சோமசேகரத்தின் விறாந்தைப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"திருந்தமாட்டான்!" என்று சோமசேகரம் முணுமுணுத்தார்.

சோமசேகரம் மறுபடி அழுத்தினார். பக்கத்து விளக்கு அணைந்தது. இன்னொருமுறை அழுத்தினார். எரிந்தது. கண் சிமிட்டிக் காட்டுகிறான்! அவருடைய பெரிய குமிழ் மட்டும் இருண்டுபோய் நின்றது. வான் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தது.

செல்வநாயகி கண்ணைத் துடைத்தபடி வந்து உள்ளே போனாள். பின்னால், தம்பிராசா வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்புக் கோர்வையுடன் நீக்கிலாப்பிள்ளை வந்தார்.

"நல்ல நேரம் வந்தீர். இண்டைக்கு இது ஒரேயடியாச் செத்துப்போச்சு. பாரும்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, வரும்." நீக்கிலாப்பிள்ளை படியில் குந்தினார்.

"எங்கையிருந்து வரும்?"

இருவரும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே செல்வநாயகி மூக்கைச் சிந்துவது கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு, யாரும் எதையும் தொடாமலே பெரிய குமிழ் எரிந்தது.

"பாத்தீரே! நான் அப்ப அமத்தினது இப்பதான் வந்து சேருது."

"நீங்கள் அமத்தினதுதான் அங்கை எரியுதே அண்ணை" என்று நீக்கிலாப்பிள்ளை பக்கத்து வீட்டைக் காட்டினார். "அண்டைக்குக் கறண்ட் இல்லாத நேரம் நான் சுவிச் ரெண்டையும் வீடு மாறிப் பூட்டிப்போட்டன். உங்கடை போனிலை இருக்கிறது அவரின்ரை லைற். உங்கடையை இவ்வளவு நாளும் போட்டது அவர்தான். தன்ரை எரியிறதைப் பாத்துத்தான் உங்கடையைப் போடுறவர். வான் இப்ப சாவகச்சேரி தாண்டியிருக்கும்."

சோமசேகரம் போனைப் பார்த்தார். மெல்ல அழுத்தினார். ஆளில்லாத வீட்டின் விளக்கு அணைந்தது.

"அவனுக்குத் தெரியுமே?"

"அடுத்தநாளே தெரியும். நான் மாத்தப் போனனான், அவர் விடேல்லை. மாத்தினா அண்ணைக்கும் எனக்கும் இடையிலை ஒரு அலுவலும் இல்லாமல் போயிடும் எண்டவர். தான் வான் ஏறினாப் பிறகுதான் உங்களுக்குச் சொல்லவேணுமாம்."

ஈசல் வரத் தொடங்கியிருந்தது. நீக்கிலாப்பிள்ளை எழுந்து, திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு கேற்றுவரை போனார். ஏதோ நினைவு வந்தவராய் வெளிச்சத்துக்குள் நின்று திரும்பினார்.

"கனடாவிலையிருந்தும் போடுவாராம் அண்ணை. என்ன நேரத்துக்கெண்டு மட்டும் உங்களிட்டைக் கேட்டுச் சொல்லட்டாம்."