நடக்கப்போறவங்களுக்கு மட்டும்

மூணாங்கிளாஸ் தாண்டாதவன் நான். துருப்பிடிச்சுக் கிடந்த படகு இன்ஜின்களை ஓட வச்சுக் கடலுக்கு அனுப்பியிருக்கேன். கைவண்டியில ஆரம்பிச்ச என் வெல்டிங் பட்டறைக்குள்ள இன்னிக்கு லாரி நுழையும். ஐஸ் உடைக்கிற மெஷின் நானே யோசிச்சுக் கட்டினது. மாடி வீடும் அப்படித்தான், இன்ஜினியர் கிடையாது, இன்னும் நிக்குது. இவ்வளவும் செஞ்சவன் சொல்றேன்: இரும்புக்கு மனசாட்சி வச்ச ஆள் காரைக்கால்லயே ஒருத்தர்தான். அது நானில்லை. ஆர்மேச்சர்.

பெத்தவங்க வச்ச பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். மோட்டாருக்குள்ள சுழலுற ஆர்மேச்சருக்குக் காயில் சுத்துறது தொழில், அதுவே பேராயிடுச்சு. சுத்தும்போதே மோட்டாரோட பேசுவார். பதிலுக்குக் காத்திருப்பார். அப்புறம் தலையாட்டுவார். அதைப் பாக்கத்தான் பயமா இருக்கும்.

கருக்களாச்சேரியில ஒரு மீனவருக்கு வலைக் கயிறு சுத்திக் கால் முறிஞ்சுபோச்சு. அக்குள் கட்டை ஊன்றினா மணல்ல புதையுது. ஆர்மேச்சர் என் பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, கால் ஒடைஞ்சவன் கொஞ்ச நாளைக்கு ஓட்ட ஒரு வண்டி. மோட்டார் என்னுது, இரும்பு உன்னுது."

தடிச் சக்கரம் மூணு, கட்டுப்போட்ட காலை நீட்டி வைக்கப் பலகை, பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி. திருப்புறதுக்குப் படகுச் சுக்கானையே வைக்கச் சொன்னார். இடது பக்கம் தள்ளினா வண்டி வலது பக்கம் போகும். மீனவருக்கு அது கைப்பழக்கம். அடுத்து இரவல் வாங்கிட்டுப் போன வரிச்சிக்குடி விவசாயி, நாத்துக்கு நடுவுல மாவுக்கட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க இது, தெக்க திருப்பினா வடக்க போவுது?"

"கடல்ல சரியாப் போவுங்க" என்றார் ஆர்மேச்சர்.

வாங்கினவங்க, கால் சரியானாலும் திருப்பித் தர்றதில்லை. கோபத்துல ஆர்மேச்சர் வண்டி முதுகுல சிவப்புப் பெயின்ட்ல எழுதினார்: 'நடக்கப்போறவங்களுக்கு மட்டும்.'

அன்னியிலேர்ந்து வண்டி வேற மாதிரி ஆயிடுச்சு. மாவுக்கட்டு வெட்டின அன்னிக்கே நின்னுடும். பேட்டரி விளக்கு எரியும், சக்கரம் சுத்தாது. "வேலை முடிஞ்சுதில்ல" என்பார் ஆர்மேச்சர். நாங்க சிரிச்சோம்.

ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். பாதத்துல சின்னப் புண், ஆறிடும்னார். உட்கார்ந்தார். வண்டி நகரலை. அவர் இறங்க, கணுக்கால் சுளுக்கின அவர் மச்சான் உட்கார்ந்தார். ஓடுச்சு. கடைக்காரர் அந்தச் சிவப்பு எழுத்தையே பாத்துக்கிட்டு நின்னார். கொஞ்ச நாள்ல ஆஸ்பத்திரியில அந்தக் காலை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை. ஒருத்தர் வண்டியில உட்கார்ந்தா, சாவி திருகிச் சக்கரம் நகர்ற வரைக்கும் தெருவே மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கும்.

அப்படியிருக்க, ஆர்மேச்சரே ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு. இந்த வயசுல நடப்பாரான்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் உச்சி வெயில்ல வண்டியைக் கேட்டார்.

"இன்னொரு நாள் பாப்போம்ணே."

"சாவியைக் குடுடா."

விளக்கு எரிஞ்சது. சக்கரம் அசையலை. தெருவுல ஒரு காக்காகூடக் கத்தலை. குனிஞ்சு மோட்டார்கிட்ட ஏதோ கேட்டார். காத்திருந்தார். தலையாட்டலை.

எனக்குப் பொறுக்கலை. பின்னாடி போய்த் தள்ளினேன். காது மந்தம் அவருக்கு, தெரியப்போறதில்லைன்னு நினைச்சேன். தெருவைத் தாண்டி, மணல் மேடு வரைக்கும் தள்ளினேன்.

"தம்பி, மோட்டார் ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாச்சுண்ணே."

"ஆமா. பழசுதான். ஆனா நல்ல மோட்டார்."

கண்ணுல இறங்கின வேர்வையைத் துடைக்கக் கையை எடுத்தேன். வண்டி நிக்கலை. மேட்டுல ஏறிப் போய்க்கிட்டே இருந்தது, சத்தமே இல்லாம.

இப்ப ஆர்மேச்சர் கோலூன்றி நடக்கிறார். ஊர் வண்டிக்குச் சூடம் காட்டுது. காட்டட்டும். ஆனா அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே என் பேரையும் எழுதணும். அன்னிக்கு முதல்ல ஓடின மோட்டார் நான். நல்ல மோட்டார்னு அவர் வாயாலேயே சொல்லியிருக்கார்.