பிஸ்டலின் பிடிக்குப் பொலிஸ் அனுமதி

இனிமேல் ஒரு சனிக்கிழமைகூட லண்டன் பிளேஸ்டோவுக்குப் போவதில்லை என்று செல்வரத்தினம் சபதம் எடுத்தது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசி மாதத்தில்.

பிளேஸ்டோவில் அவர் மனைவி தவநாயகியின் தங்கை கனகாம்பிகை இருந்தாள். அவளிடம் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ இருந்தது. மூன்று மணித்தியாலம். ஐந்து தரம் பார்த்தவருக்கும் ஆறாம் தரம் போட்டுக் காட்டுவாள். செல்வரத்தினமோ பத்து நிமிஷம் ஓரிடத்தில் இருக்க ஏலாத மனிதர். ஆராத்தி வருவதற்குள் சோபா அவர் பாரத்தில் நாலு அடி நகர்ந்திருக்கும்.

இல்ஃபர்ட் பக்கம் ஒரு பிஸ்டல் கிளப்பில் அவர் அங்கத்தவர். கடதாசி அட்டையைக் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டு. லைசன்ஸ் உண்டு. குட்மேய்ஸில் அவர் வீட்டுச் சுவரில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியும் உண்டு. கிளப்பும் சனிக்கிழமைதான். விளையாடப் போறன் என்றால் தவநாயகி விடுவாளா? அதனால் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

“நாயகி, பிஸ்டலுக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறன். மரப்பிடி.”

“அதுக்கு?”

“பிடி மாத்தினால் மூண்டு சனிக்கிழமை கிளப்பிலை சுட்டுக் காட்டிப் பதிய வேணும். இந்த நாட்டுச் சட்டம்.”

“பதியாட்டி?”

“உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்.”

தவநாயகி பயந்துபோனாள். பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

மூன்று சனி முடிந்தது. பிஸ்டலில் குறிபார்க்கிற கண்ணாடி ஒன்று பூட்டினார். அதற்கு நாலு சனி. பிறகு குழல் நுனிக்கு ஒரு பாரம். அதற்கு ஐந்து. வைகாசி பிறந்தபோது பிஸ்டல் கல்யாணப் பொம்பிளை மாதிரி நகை சுமந்து நின்றது. தூக்கினால் தோள் நொந்தது. குறி தவறியது. பிளேஸ்டோவும் தவறியது. அவருக்கு அது போதும்.

லைசன்ஸ் புதுப்பிக்கிற காலம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, இரும்புப் பெட்டியைப் பார்க்கப் பொலிஸ்காரர் வந்தார். தவநாயகி தேத்தண்ணியும் கட்லட்டும் வைத்தாள். செல்வரத்தினம் இருந்தார், எழும்பினார், திரைச்சீலையை இழுத்தார், திரும்ப மூடினார்.

“ஐயாவுக்கு நேரமாகுது, நாயகி.”

“சாப்பிடட்டும்.” அவள் பொலிஸ்காரரிடம் திரும்பி, மாலை வகுப்பில் படித்த இங்கிலிஷில் கேட்டாள்: “பிடி, கண்ணாடி, பாரம், எல்லாத்துக்கும் பன்னிரண்டு சனிக்கிழமை போய் இவர் பதிஞ்சிட்டார். இன்னும் எத்தினை சனி மிச்சம்?”

பொலிஸ்காரரின் கட்லட் பாதி வழியில் நின்றது. “பிடியை எத்தனை தரமும் மாற்றலாம், அம்மா. கண்ணாடியும் பாரமும் அப்படித்தான். எங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. சத்தம் குறைக்கிற குழாய் பூட்டினால் மட்டும் லைசன்ஸில் ஏற வேண்டும்.”

பிடி மாற்றப் போனவர் பிடிபட்டார்.

தவநாயகி சிரித்த முகத்தோடு பொலிஸ்காரரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அங்கே நின்று இன்னும் ஏதோ கேட்டாள். யன்னலுக்குள்ளால் பார்த்த செல்வரத்தினத்துக்கு, பொலிஸ்காரர் தலையாட்டியது மட்டும் தெரிந்தது.

“நாயகி, சட்டம் இப்ப மாறியிருக்கும் போலை...”

“ஓம். நேற்றுத்தான் மாறியிருக்கும்.”

அவ்வளவுதான். ஏச்சு இல்லை. அழுகை இல்லை. புதன் போனது, வியாழன் போனது. செல்வரத்தினம் மாடிப்படியில் ஏறினார், இறங்கினார். ஏசிவிட்டாலாவது நித்திரை வரும். வெள்ளிக்கிழமை கறியில் உப்புக்கூடச் சரியாக இருந்தது. அது அவரை இன்னும் கலக்கியது.

சனிக்கிழமை காலை கண் விழித்தால் வீட்டில் ஆளில்லை. மேசையில் ஒரு துண்டு: ‘கனகத்திட்டைப் போறன்.’

தங்கை வீட்டுக்குத் தனியப் போய்விட்டாள்! அவரை இழுக்காமல்! செல்வரத்தினத்துக்கு நெஞ்சு லேசாகியது. பெட்டியைத் திறந்து பிஸ்டலை எடுத்துக்கொண்டு இல்ஃபர்டுக்கு ஓடினார்.

கிளப் வாசலில் செயலாளர் கைகொடுத்தார். “வாழ்த்துகள்! உங்கள் மனைவியும் அவர் தங்கையும் இன்று காலை சேர்ந்துவிட்டார்கள். கிளப் பிஸ்டலில் பழகத் தனி லைசன்ஸ் வேண்டாம் என்று பொலிஸ்காரரிடமே விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் வருவார்களாம்.”

உள்ளே, காதில் சத்தமடைப்பானோடு தவநாயகி அட்டையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. வாங்குப் பலகையில் இருந்த கனகாம்பிகைதான் கையசைத்தாள்.

“வாங்கோ அத்தான்! எனக்குப் பக்கத்திலை உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கிறன்.”