பாலத்தின் மேல் ஒரு சைக்கிள்

மார்ச் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பொது நூலகத்தின் மாடி அறையில் புகைப்பட ஆர்வலர் சங்கத்தின் மாதக் கூட்டம் தொடங்கியது.

திரையில் முதல் படம் விழுந்ததும், அன்று தன் பழைய படங்களைக் காட்டிப் பேச வந்திருந்த ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பனிமூட்டத்தில் ஒரு பாலம். கைப்பிடிச் சுவரில் சாய்த்து நிறுத்திய ஒரு சைக்கிள். நல்ல படம்தான். ஆனால் அதை எங்கே எடுத்தோம், எப்போது எடுத்தோம் என்பது சுத்தமாக நினைவுக்கு வரவில்லை.

வேறொரு நாளாக இருந்தால், "மறந்துபோச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார். இன்று அப்படிச் சொல்ல முடியாது. மூன்றாவது வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் அவர் தன் மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜிலும், ஃபிலிம் சுருளைக் கண்ணாடிக் கூட்டிலும் வைத்துவிட்டு, இரண்டையும் காணோம் என்று அக்கம்பக்கத்தாரை எல்லாம் தேட வைத்தார். விஷயம் காதுக்கு எட்டியதும் மகள் வந்து இறங்கிவிட்டாள்.

"தனியா இருந்தது போதும்ப்பா. வீட்டைப் பூட்டிட்டு என்கூட வாங்க."

"உன் வீட்ல படம் கழுவற இருட்டறை எங்கே வைக்கறது?"

"எதை எங்கே வெச்சோம்னே தெரியாதவருக்கு இருட்டறை எதுக்கு?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. "ஞாயித்துக்கிழமை சங்கத்துல பழைய படமெல்லாம் போட்டுப் பேசப்போறேன். நீயும் வந்து கேளு. ஒரு படத்துக்குத் தடுமாறினாலும் மறுபேச்சுப் பேசாம உன்கூடக் கிளம்பறேன்."

இப்போது முதல் படமே காலை வாரிவிட்டது.

கூட்டம் தொடங்கியதே கொஞ்சம் அவசரத்தில்தான். வாடகை புரொஜெக்டரைக் கொண்டுவந்தவர் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய வேன் வாசலை மறிக்கிறது என்று காவலாளி கீழேயிருந்து கத்தினார். ரிமோட்டை மேஜையில் போட்டுவிட்டு அவர் ஓடினார். செயலாளர் ரிமோட்டை எடுத்து ஸ்டூடியோக்காரர் கையில் திணித்து, விளக்கை அணைத்துவிட்டார்.

"இது ஒரு பாலம்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தெரியுது" என்றார் முன்வரிசையில் இருந்த பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்த அந்த மனிதர் தன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

"விடியற்காலை நேரம். சரியான குளிர். நான் மட்டும் தனியாப் போயிருந்தேன்."

"தனியாவா? அப்போ அந்த சைக்கிள் யாருது?"

டாக்டரே எழுந்து திரையைக் காட்டினார்.

"என்னுதுய்யா! அந்த கேரியரைப் பாருங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே போனோம்?"

கூட வந்த ஆளையே மறந்துவிட்டோமா என்று ஸ்டூடியோக்காரர் படத்தை மறுபடி பார்த்தார். மகள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். தனியான்னா, நாம ரெண்டு பேரும் தனியா. டாக்டர் அன்னிக்கு ரொம்ப பயந்துட்டாரு. பாலம் ஆடுதுன்னு சொல்லி நடு வழியில இறங்கிட்டாரு."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். டாக்டர் இல்லை என்று சொன்னால் கதை கந்தலாகிவிடும். டாக்டருக்கும் ஒரு சிக்கல். இல்லை என்று சொன்னால், கூடப் போனதே தனக்கு ஞாபகம் இல்லை என்று ஆகிவிடும்.

"பயமெல்லாம் இல்லை. தலைசுத்தல்" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஸ்டூடியோக்காரர் அவசரமாக ரிமோட்டை அமுக்கினார்.

ரயில் நிலைய நடைமேடை. குடை பிடித்தபடி ஒரு பெண், முதுகைக் காட்டி நிற்கிறாள். இதுவும் நினைவில் இல்லை.

"இது... என் சம்சாரம்."

"அம்மாவா?" என்றாள் மகள் இருட்டிலிருந்து. "அம்மாதான் கொட்டற மழையிலயும் குடை எடுக்க மாட்டாங்களே?"

"சம்சாரத்தோட தங்கச்சின்னு சொல்ல வந்தேன்."

"சித்தியா இவ்வளவு ஒல்லி?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித்தான் இருந்தா."

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, மச்சினியைப் பின்னாலேர்ந்து எடுத்திருக்கீங்க போல?"

"அவளுக்குத் தெரியாம எடுத்தது."

சலசலப்பு பெரிதானது.

"அதாவது, அவ அக்காதான் எடுக்கச் சொன்னா!"

"அம்மா எதுக்குப்பா அப்படிச் சொல்லணும்?"

"சொன்னான்னா... எடுத்ததே அவதான். நான் அன்னிக்கு ஊர்லயே இல்லை."

"அப்போ இது உங்க படமே இல்லையா?" என்றார் டாக்டர்.

"சித்திக்கு போன் போட்டுக் கேட்டுடட்டுமா?" என்றாள் மகள்.

"அவ தூங்கற நேரம்!" என்று கத்தியபடி ஸ்டூடியோக்காரர் அடுத்த படத்துக்குத் தாவினார். காலை பதினொரு மணிகூட ஆகவில்லை.

மரத்தடியில் நாலைந்து இளைஞர்கள். வெயிலுக்குத் தொப்பி, கண் கூசியதில் முகத்துக்குக் குறுக்கே கை. அவர் பெயர்களைத் தேடித் தவித்துக்கொண்டிருக்கும்போதே செயலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம சங்கத்தோட முதல் சுற்றுலா! ஓரத்துல நிக்கறது நான்தான்."

"தொப்பிக்கு வெளியில முடி தெரியுதே?" என்றார் டாக்டர்.

"அப்போ இருந்துச்சு."

"உமக்கா? நான் பார்த்த நாளா இல்லையே. அது நான்யா! நிக்கற தோரணையைப் பாரும்."

"உம்ம தோரணைக்குத் தொந்தி வேணுமே?"

"ஐயாவே சொல்லட்டும். எடுத்தவருக்குத் தெரியாதா?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். செயலாளர் என்றால் டாக்டர் விடமாட்டார். டாக்டர் என்றால் செயலாளர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அறை பிடித்துத் தரமாட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் அந்தக் காலத்துல ஒரே மாதிரி இருப்பீங்க" என்றார்.

இருவருக்கும் இது சமமாகப் பிடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் அந்த ஆள் தாங்கள்தான் என்று குரல் கொடுத்தார்கள்.

அந்த இரைச்சலில் ஸ்டூடியோக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் எல்லாமே நினைவிருக்கிறது. எடுத்தவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மகள் சொல்வதுதான் சரி. இத்தனை பேரை ஏமாற்றி அந்த வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறோம்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு கடைசியாக ஒருமுறை அமுக்கினார்.

ஊஞ்சலில் ஒரு சின்னப் பெண். மஞ்சள் ஃப்ராக். இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகிறாள்.

"உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். "இந்தக் குழந்தை..."

"அப்பா! இது நான்தானே!"

மகள் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா தைச்ச ஃப்ராக்! இந்தப் படத்தை நான் எத்தனை வருஷமாத் தேடறேன் தெரியுமாப்பா?"

திறந்த வாயை அவர் மெதுவாக மூடினார். பிறகு, எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"எதுக்கு அழுதேன்னு சொல்லு பார்ப்போம்?"

"மறக்குமா? பித்தானை முழுங்கிட்டேன். கழுத்துக்கிட்ட பாருங்க, ஒரு பித்தான் இல்லை. செத்துப்போயிடுவேன்னு அழுதேன். நீங்க என்னைத் தூக்கறதை விட்டுட்டுப் படம் எடுத்துட்டிருந்தீங்க."

"எடுத்துட்டுத் தூக்கினேன்" என்றார் அவர்.

"தூக்கிட்டு நேரா என்கிட்டதான் வந்தாரு" என்றார் டாக்டர்.

"பித்தானை முழுங்கினதுக்குப் பல் டாக்டர்கிட்டயா?" என்றார் செயலாளர்.

"வாய் வழியாத்தானே போச்சு?"

மகள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லார் முன்னாலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்ப்பா தப்பா நினைச்சுட்டேன். இவ்வளவையும் ஞாபகத்துல வெச்சிருக்கற மனுஷனைப் போய் என்ன சொல்லிட்டேன்! நீங்க உங்க வீட்லயே இருங்க. இருட்டறையும் இருக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. செயலாளர் விளக்கைப் போட்டார். டாக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு புரொஜெக்டர்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க. வேனை எடுக்கறதுக்குள்ள பின்னாடி ஒரு லாரி வந்து நின்னுடுச்சு. பாவம், எல்லாரையும் இவ்வளவு நேரம் சும்மா உட்கார வெச்சுட்டேன்" என்றபடி மேஜைக்கு அடியில் குனிந்து, கட்டுக்கூடப் பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "ஒரு நிமிஷம் பொறுங்க. மெஷினோட கம்பெனிக்காரன் குடுத்த சாம்பிள் படத்தைக் கழட்டிட்டு, ஐயாவோட படத்தை மாட்டிடறேன்."

மகள் அன்று மாலை தனியாக ஊர் திரும்பினாள்.