குதிரை வயிற்றில் என் வீட்டுக்காரர்

தண்டையார்பேட்டைக்கு ஒரு சாமியார் வந்தார். மனிதர்களுக்குப் பேயோட்ட அங்கே ஏற்கெனவே தெருவுக்கு ஒருவர் இருந்ததால், இவர் குதிரைக்கு ஓட்டினார். பெயர் லகான் சாமி.

கண்டெய்னர் லாரிகள் நிற்கும் காலி மனையில் ஷாமியானா. வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர்: முன்னால் சாமி, பின்னால் வெள்ளைக் குதிரை, அதற்கும் பின்னால் ஏனோ இமயமலை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள், கடற்கரையில் சவாரி விடுகிறவர்கள், குதிரையே இல்லாதவர்கள் என்று ஊரே திரண்டது. முரட்டுக் குதிரையை முன்னால் நிறுத்துவார்கள். சாமி ஏதோ முணுமுணுத்து ஒரு வாழைப்பழம் ஊட்டுவார். கூட்டம் டீ குடித்து முடிப்பதற்குள் குதிரையின் தலை தொங்கிவிடும், உதடும் தொங்கிவிடும்.

"எறங்கிடுச்சு!" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உண்டியல் நிறையும்.

ஒரு குதிரை அதன்பிறகு சாணி போடாமல், வயிறு வீங்கிப் புரண்டது. "பேய் போகும்போது கதவைச் சாத்திட்டுப் போயிருக்கு" என்றார் சாமி. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என்னிடம் இருப்பது ஜிகினா. என் வீட்டுக்காரர் வேலப்பன் விட்டுப்போன பெண்குதிரை. அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரு பழக்கம். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் எந்த ஊசியை எடுத்தாலும், "இதனால வேற இன்னா ஆவும் சார்?" என்று கேட்பார். டாக்டர் பொறுமையாகச் சொல்வார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது அந்தக் குரலைக் கேட்க வரிசையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

ஜிகினா கொஞ்ச நாளாகக் கல்யாண பேண்டு வாத்தியச் சத்தத்துக்கு உதைத்தது. யாரையும் கிட்டே விடவில்லை. காரணம் எனக்குத் தெரியும்: சினை. அவர் ஆசைப்பட்டு, கடைசியாகச் செய்துவிட்டுப் போன ஏற்பாடு அது. ஆனால் கல்யாணத்துக்குச் சாரட்டு வண்டி விடும் நசீர் என்னிடம் காரணம் கேட்கவில்லை, காரணத்தோடு வந்தான்.

"அண்ணி, தப்பா நென்சுக்காதே. இது அண்ணன் ஆவிதான். வூட்ட வுட்டுப் போவ மனசில்லாம குதிரைல பூந்துகினு கீது. சாமியாண்ட போலாம் வா."

என் பதிலுக்குக் காத்திராமல் ஜிகினாவை அவிழ்த்துவிட்டான். தெருவே பின்னால் வந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

நான் முகக்கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்க, சாமி அதன் வயிற்றில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஓர் உதை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா! வேலப்பன் உதைக்கிறான்!"

கூட்டம் சிலிர்த்தது. ஓர் அம்மாள் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள்.

"அவரு ஆயுசுல யாரையும் ஒதைச்சதில்ல சாமி. உள்ள கீறது குட்டி" என்றேன்.

சிரிப்புக் கிளம்பியது. சாமி அசரவில்லை. "அந்தக் குட்டி மேலதாம்மா உன் புருஷன் உக்காந்திருக்கான்" என்று பழத்தை எடுத்தார்.

ஜிகினா வாயைத் திறந்தது. பழம் என்றால் அதற்கு உயிர். நான் கயிற்றை இழுத்து அதன் முகத்தைத் திருப்பினேன். வாயில் தானாக வந்தது அவருடைய கேள்வி.

"இதனால வேற இன்னா ஆவும்?"

"இன்னாது?"

"பேய் போவும், சரி. வேற இன்னா ஆவும்? குட்டிக்கு இன்னா ஆவும்?"

"மந்திரிச்ச பழம்மா. பச்சக்கொழந்த தின்னாலும் ஒண்ணும் ஆவாது."

"அப்ப நீங்க ஒரு கடி கடிங்க."

"நான் விரதம்."

"உங்க சிஷ்யரு?"

"அவனும் விரதம்."

சிஷ்யர் வாயில் பஜ்ஜி இருந்தது.

"கடி சாமி, கடி!" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. பழத்தை நீட்டிய சாமியின் கை நீட்டியபடியே நின்றது. அந்த நேரம் பார்த்து, எங்கள் தெரு காத்தூன் பீவியின், சுவரொட்டி தின்றே வளர்ந்த ஆடு கூட்டத்துக்குள் நுழைந்து, பழத்தைத் தோலோடு பிடுங்கி விழுங்கிவிட்டது.

"ஐயோ! அது குதிரைக்குப் போட்ட அளவு! ஆடு தாங்காது!" என்று அலறினார் சாமி.

சற்று நேரத்தில் ஆட்டின் கால்கள் மடிந்தன. காத்தூன் பீவி சாமியின் தாடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"இன்னாடா போட்ட? சொல்றியா, பிச்சிடவா?"

"மயக்க மருந்து தாயே! ரேஸ் லாயத்துல வேல பாத்தப்போ பழக்கம்..."

நான் போன் செய்ய, மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். என்ன மருந்து, எவ்வளவு, ஆட்டின் எடை என்ன, சினையா என்று கேட்டார். சாமி எந்தக் குதிரைக்கும் கேட்காத கேள்விகள். தாடி இன்னும் காத்தூன் பீவியின் கையில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. டாக்டர் மாற்று ஊசி போட்டார். வெகுநேரம் கழித்து ஆடு தள்ளாடி எழுந்து, முதல் வேலையாக வாசல் பேனரின் இமயமலையைக் கடித்தது.

"சினைக்குதிரை இதைத் தின்றிருந்தால் குட்டி கலைந்திருக்கலாம்" என்றார் டாக்டர். நான் ஜிகினாவின் வயிற்றில் கை வைத்து, உள்ளேயிருந்து இன்னோர் உதை வரும்வரை எடுக்கவில்லை.

குட்டி நல்லபடியாகப் பிறந்தது. எல்லாரையும் உதைக்கிறது. "அப்டியே அண்ணன் மாரியே கீது அண்ணி" என்கிறான் நசீர்.

இப்போது எண்ணூரில் மாட்டுக்குத் தாயத்து கட்டும் ஒருவர் வந்திருக்கிறாராம். நசீர் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேர்க்கிறான். போகிறவர்கள் வேலப்பனின் கேள்வியை மறக்காமல் எடுத்துப் போங்கள். மாடு அதைக் கேட்காது. நமக்காக ஒவ்வொரு தடவையும் ஓர் ஆடு மயங்கி விழாது.