இருபது கேட்ட மருமகள்

மாமியார் பதினாறு கேட்டார். மருமகள் சட்டென்று இருபது என்றாள். சொன்ன பிறகுதான், எதிரே உட்கார்ந்திருக்கும் மாமியார் தன் ஜோடி என்பதும், சொந்த ஜோடியையே மிஞ்சிக் கேட்டுவிட்டோம் என்பதும் அவளுக்கு உறைத்தன.

எல்லாம் கணவன் செய்த வேலை. கல்யாணமாகி மூன்று மாதத்தில் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். "அம்மா சீட்டாட்டத்துல புலி. ஞாயித்துக்கிழமை உன்னோட ஜோடி சேர்ந்து ஆடணுமாம். உனக்கும் நல்லாத் தெரியும்னு சொல்லிட்டேன்" என்று போன வாரம் அவன் சாதாரணமாகச் சொன்னான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எப்பேர்ப்பட்ட கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். சாப்பாட்டு இடைவேளைகளில் போனில் வீடியோ பார்த்தும் இந்த ஆட்டம் மட்டும் பிடிபடவில்லை. நாலு பேர், இரண்டு ஜோடி. அதிகப் புள்ளி கேட்பவர் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். அந்த இனச் சீட்டு மற்ற எதையும் வெட்டும். இவ்வளவுதான் மண்டையில் நின்றது. கையில் இரண்டு ஏஸ் இருந்த தைரியத்தில்தான் இருபது கேட்டாள். இந்த ஆட்டத்தில் ஏஸைவிட ஜாக்கி பெரிது என்பது, கேட்ட பிறகு ஞாபகம் வந்தது.

எதிர் ஜோடியான பக்கத்து வீட்டு நர்ஸும் மாடிவீட்டுத் தையல்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"நீ கேட்டா சரியாத்தாம்மா இருக்கும்."

அந்தக் குத்தலில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு சுற்று போவதற்குள் அது ஆட்டினா, டைமனா என்பது மறந்துபோயிற்று. இரண்டும் சிவப்பு. எடுத்துப் பார்க்க விதியில் இடமுண்டு. ஆனால் புலிக்கு முன்னால் எப்படிப் பார்ப்பது? தண்ணீர் எடுக்கிற சாக்கில் குனிந்து லேசாகத் தூக்கப் பார்த்தாள். முழங்கை இடித்துச் சீட்டு மல்லாந்து விழுந்தது. டைமன். நாலு பேரும் பார்த்தார்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை, வெட்டியாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்று அடுத்த சுற்றிலேயே துருப்பு ஜாக்கியை ஓங்கிப் போட்டாள். வெட்டியது மாமியார் ஜெயித்து வைத்திருந்த சுற்றை. அதன் பிறகு எதிர் ஜோடி வாரிக்கொண்டே போனது. இருபது கேட்டவர்கள் பதினொன்றில் நின்றார்கள்.

மாமியார் எழுந்து சமையலறைக்குள் போனார். உள்ளே ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது.

இனிப் பொய்யை இழுத்துக்கொண்டு போக அவளிடம் தெம்பில்லை. போன வாரம்வரை சீட்டையே தொட்டதில்லை என்று மற்ற இருவரிடமும் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டாள். அத்தை மாதிரி ஆட்டக்காரரோடு உட்கார்ந்ததே தப்பு, அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று கண் கலங்கினாள்.

தையல்காரி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

"மருமகளுக்குச் சீட்டுன்னா உயிர்னு உன் வீட்டுக்காரர் சொன்னாராம், உங்க அத்தை பதினஞ்சு நாளா என்கிட்டதான் கத்துக்கிறாங்க."